துக்க வீட்டில் எதைக் கேட்பது?

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சில மணி நேரத்துக்குள் இந்தியாவின் உதவி போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே நம் செய்தி சேனல்களும் போய்ச் சேர்ந்தன. ஒரு வாரம் கழிந்ததும், உதவி பெற்ற அதே மக்கள் ‘இந்திய ஊடகமே, திரும்பிப் போ’ என்று ட்விட்டரில் எழுதிக் குவித்தார்கள். உறவுகளைப் பறிகொடுத்து அழுகிறவர்களிடம் மைக்கை நீட்டி, மனநிலை எப்படி இருக்கிறது என்று நிருபர்கள் கேட்டார்கள். மீட்பு ஹெலிகாப்டரில் காயம்பட்டவர்களுக்கான இடத்தைக் கேமராக்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள். எங்கள் இழப்பைவிட இந்தியாவின் உதவியையே பெரிதாகக் காட்டினார்கள். நேபாள மக்கள் சொன்ன குறைகள் இவை.

அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வீடிழந்தவருக்குக் கூடாரம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக, அவருடைய கண்ணீரைப் படம்பிடிக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது.

நம் ஊர்களில் துக்கம் விசாரிப்பது எப்படி என்று யாரும் யாருக்கும் வகுப்பெடுப்பதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் இருக்கும் உறவினரிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிசகாமல் கடைப்பிடிக்கும் இந்த நாகரிகம், கழுத்தில் நிருபர் அடையாள அட்டையை மாட்டியதும் எங்கே போகிறது?

அப்படியானால் பேரிடர் நேரத்தில் ஊடகம் அடக்கமாகப் பேசினால் போதுமா? போதாது. ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமியில் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அதுவரை நிதானமான குரலில் எச்சரிக்கை வாசித்துவந்த என்எச்கே தொலைக்காட்சி, அந்த அனுபவத்துக்குப் பின் தன் முறையை மாற்றியது. 2024 ஜனவரி 1 அன்று அந்நாட்டின் நோட்டோ தீபகற்பம் நிலநடுக்கத்தில் அதிர்ந்தபோது, உடனே உயரமான இடத்துக்கு ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள் என்று அதன் அறிவிப்பாளர் கத்தினார். உயிரைக் காப்பாற்றுவதற்காக எழுந்த கத்தல் அது. நம் திரைகளில் குரல் உயர்வது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு, பின்னணி இசையோடு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. முதல் நாள் செய்திகளில் முன்னெச்சரிக்கைக்கான பாராட்டே அதிகம் கேட்டது. சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து, மின்சாரமும் செல்போனும் இல்லாமல் போனதால், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து உள்கிராமங்களின் நிலை வெளியே தெரியச் சில நாட்கள் ஆயின. தெரிந்த பிறகு, விழுந்துகிடந்த தென்னந்தோப்புகளைக் கேமராக்கள் சுற்றிச்சுற்றிக் காட்டின. அடுத்த பரபரப்பு வந்ததும் அங்கிருந்து கிளம்பிவிட்டன. அந்த மக்களின் கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தவே செலவாகும். புதிதாக வைக்கும் தென்னம்பிள்ளை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது எப்படி? தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள்? சொந்த நிலம் இல்லாதவருக்கு நிவாரணக் கணக்கில் என்ன இடம்? ஒரு நிருபர் கேட்க வேண்டியவை இந்தக் கேள்விகள்தாம். இவற்றைக் கலெக்டர் ஆபீசிலும் வங்கியிலும் கோட்டையிலும் போய்க் கேட்க வேண்டும். தோப்பில் உட்கார்ந்து அழுகிறவரிடம் கேட்க எதுவும் இல்லை. அவர் தானாகப் பேசினால் காதுகொடுத்துக் கேட்டாலே போதும்.

களத்தில் நிற்கும் நிருபரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீருக்குள் நின்று பேசு, அழும் முகம் ஒன்று பிடித்து அனுப்பு என்பவை மேலிருந்து வரும் உத்தரவுகள். மாவட்டங்களிலிருந்து செய்தி அனுப்பும் பலருக்கு நிலையான சம்பளம்கூடக் கிடையாது. இதைத் தட்டிக்கேட்கலாம் என்றால், இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குத் தொலைக்காட்சிகள் மேல் அதிகாரம் இல்லை. பத்திரிகைகளையும் அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். சேனல்கள் உண்மையில் அஞ்சுவது டிஆர்பிக்கு. அந்த எண், நாம் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதன் கணக்கு.

ஆகவே என் பங்குக்குச் சில பழக்கங்களை வைத்திருக்கிறேன். பிணத்தின்மேல் விழுந்து அழும் தாயை நெருக்கமாகக் காட்டினால் சேனலை மாற்றிவிடுவேன். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப மாட்டேன். எந்த முகாமில் குடிநீர் இல்லை, எந்தப் பாலம் துண்டிக்கப்பட்டிருக்கிறது, யார் பதில் சொல்ல வேண்டும் என்று விசாரித்து எழுதும் செய்தியைத் தேடிப் படிப்பேன். ஓர் ஊடகத்தை நம்புவதா என்பதைப் புயலன்று முடிவு செய்வதில்லை. எல்லாரும் மறந்த பிறகு, ஆறு மாதம் கழித்து, அறிவித்த நிவாரணம் வந்து சேர்ந்ததா என்று கேட்க அதே கிராமத்துக்கு ஆள் அனுப்புகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன். அப்படி அனுப்பும் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் செய்யும் உதவிதான்.