தரையில் உட்காருங்கள்!

பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் பிள்ளைக்கு வயிற்றுவலி வருகிறதா? நள்ளிரவில் அலறி எழுகிறதா? நாளுக்கு நாள் பேச்சு குறைகிறதா?

"என்ன ஆச்சு, சொல்லு!" என்று எத்தனை முறை அதட்டியிருப்பீர்கள்? பதில் வந்ததா?

வராது! ஆறேழு வயதில் பயத்தை எடுத்துச் சொல்ல வார்த்தை ஏது? ஆனால் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள்.

மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் 1928இல் லண்டனில் குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். மணல் நிரப்பிய தட்டு, குட்டி வீடுகள், மனிதர்கள், மிருகங்கள். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் மணலில் கட்டிக் காட்டினார்கள்!

"அதெல்லாம் படித்தவர்கள் வேலை. எனக்கு என்ன தெரியும்?"

இதோ, முதல் சாக்கு வந்துவிட்டது!

1960களில் அமெரிக்காவில் பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற உளவியலாளர் தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? பெற்றோருக்கே பயிற்சி கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம் பிள்ளையோடு விளையாட்டு. பிள்ளை முன்னே போகும், பெற்றோர் பின்னே போக வேண்டும். அந்த அப்பா அம்மாக்களால் முடிந்தது உங்களால் முடியாதா?

நேரம் இல்லையா? செல்போனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

கதை சொல்ல வராதா? உங்களை யார் சொல்லச் சொன்னது? பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள்!

அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் இதைத்தான் செய்தார். 1971இல் நூலாகவும் எழுதினார். முதலில் பிள்ளை ஒரு கதை சொல்லும். பிறகு அதே பாத்திரங்களை வைத்து மருத்துவர் சொல்வார். முடிவுதான் மாறும்.

"குட்டி யானையை எல்லாரும் துரத்தினாங்க. அது குழிக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. அவ்வளவுதான்" என்கிறதா பிள்ளை?

அவ்வளவுதானா? விடாதீர்கள்! உங்கள் கதையில் அந்தக் குட்டி குழிக்குள் இருந்தே பிளிறட்டும். பாட்டி யானை காதில் அது விழட்டும். "யாருடா உன்னைத் துரத்தினது?" என்று பாட்டி ஓடி வரட்டும்.

கூப்பிட்டால் ஆள் வரும்! இதைவிடப் பெரிய பாடம் எது? அதோடு நிறுத்துங்கள். புத்திமதி ஒரு வரி சேர்த்தாலும் கதை செத்தது.

பரமபதம் ஆடுங்கள். பாம்பு கடித்ததும் பிள்ளை காயை விசிறி எறிகிறதா? அழுகிறதா? அழுகுணி ஆட்டம் ஆடுகிறதா? அடிக்காதீர்கள். தோல்வி அதற்கு எவ்வளவு வலிக்கிறது என்று காட்டுகிறது! "கோபமா வருது, இல்ல?" இது போதும். அடுத்த பாம்பு உங்களைக் கடிக்கும். இறங்குங்கள். சிரியுங்கள். மறுபடி உருட்டுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது!

இன்னும் தயக்கமா? உண்மையைச் சொல்லட்டுமா? நேரமும் கதையும் அல்ல, பயம்தான் உங்களைத் தடுக்கிறது!

அப்பா பொம்மை அம்மா பொம்மையை அடித்தால்? "இந்த வீட்ல என்னை யாருக்கும் பிடிக்காது" என்று கரடிக்குட்டி சொல்லிவிட்டால்?

சொல்லட்டும்! ஒரு பொம்மைச் சண்டையை வைத்து உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் எழுந்து ஓடாதீர்கள். அந்தச் சின்ன நெஞ்சு தனியாகச் சுமப்பதைக் காதால் கேட்கக்கூட உங்களுக்குத் தைரியம் இல்லையா?

இலங்கையின் மட்டக்களப்பைப் பாருங்கள்! 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கே பிள்ளைகளுக்காக 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து கதை கட்டினார்கள், களிமண் பிசைந்தார்கள், நாடகம் போட்டார்கள். போருக்கு நடுவே அது நடந்தது! உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்காதா?

உட்கார்ந்தீர்கள், பிள்ளை திரும்பியும் பார்க்கவில்லையா? தோற்றுவிட்டீர்களா? அடுத்த வாரம் அதே நேரம், அதே இடத்தில் மறுபடி உட்காருங்கள்! சொன்ன நேரத்துக்கு வருகிறீர்களா என்றுதான் பிள்ளை முதலில் சோதிக்கும்.

பிள்ளை தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறதா? யாரோ தவறாகத் தொட்டதை விளையாட்டில் காட்டுகிறதா? அப்போது உங்கள் அரை மணி நேரம் போதாது. தமிழ்நாட்டில் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416. "ஊர் என்ன சொல்லும்" என்ற சாக்கு அங்கே வேண்டவே வேண்டாம்!

மற்றவர்களுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. செல்போனை அணையுங்கள். பாயை விரியுங்கள். "இன்னைக்கு என்ன விளையாடலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள்!