சீட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

போன ஜூன் மாதம் எங்க சேரிப் பையன் ஒருவனைச் சேர்ப்பதற்காகப் பழம்பெருமை பேசும் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். சான்றிதழ்களைப் புரட்டிய எழுத்தர், "கோட்டாவுல கெடைச்சிருக்கு. நன்றியோட இருந்து ஒழுங்காப் படி" என்றார். பையன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்: "ரொம்ப நன்றிங்க சார்." கைகூடத் தானாகக் குவிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "அண்ணே, மார்க்கு நான் வாங்குனது. சீட்டு சட்டம் குடுத்தது. அவருக்கு எதுக்கு நன்றி சொன்னீங்க?"

செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தை வகுப்பில் ஒப்பித்து எம்.ஏ. தமிழ் முடித்தவன் நான். பதில் சொல்ல வரவில்லை.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி அங்கே போனார், 1912இல் பி.ஏ. முடித்தார். பரேலில் ஒரே அறைக் குடித்தனம். பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை தந்தார். பேராசிரியர் முல்லர் புத்தகமும் உடுப்பும் கொடுத்தார். அதே கல்லூரியில் ஓட்டல் வைத்திருந்த பார்ப்பனர் டீயும் தண்ணீரும் தர மறுத்தார். கல்லூரிக்கு நன்றி என்றால் இதில் யாருக்கு? முல்லருக்கா, ஓட்டல்காரருக்கா?

முல்லர் செய்தது உதவி. மனுசனுக்கு மனுசன் செய்தது. அதற்கு நன்றி சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் வகுப்பில் உட்கார இடம் கிடைப்பது உதவி அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, கொஞ்சம் திறந்ததும் அதற்குத் தருமம் என்று பேர் வைத்தால் எப்படி? அரசுக் கல்லூரி நடப்பது ஊரார் வரிப்பணத்தில். தீப்பெட்டி வாங்கும் சேரிக் கிழவியும் அந்த வரியைக் கட்டுகிறாள்.

மேல்சாதிப் பையனிடம் இந்த நன்றியை யாரும் கேட்பதில்லை. தாத்தா காலத்துப் புத்தக அலமாரி, டியூஷன், தெரிந்த புரொபசர் எல்லாம் சேர்ந்து அவனிடம் தகுதி ஆகிவிடுகிறது. நம்மிடம் மட்டும் சலுகை. நம்மிடம் கேட்கிற நன்றி, நாம் தலை நிமிராமல் இருப்பதற்கான முன்பணம்.

அப்படியானால் நமக்குக் கடனே இல்லையா? இருக்கிறது. பிள்ளை புத்தகம் கேட்டால் ராம்ஜி, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போவார். கைமாற்று வாங்குவார், நகையை வாங்கி அடகு வைப்பார். அந்த அக்காக்களுக்கு எந்தக் கல்லூரி இடம் வைத்திருந்தது?

அண்ணல் அந்தக் கடனை எங்கே கட்டினார் என்று பாருங்கள். 1945இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்காகக் காலை வகுப்பு. 1950இல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. அதுதான் பிறகு மிலிந்த் கல்லூரி ஆனது. வெளியே நின்றவர்களுக்குத்தான் திருப்பிக் கட்டினார்.

நான் என்ன செய்தேன்? எங்க அக்கா எட்டாம் வகுப்போடு நின்று அம்மாவோடு நடவுக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். அவளிடம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. முன்பின் தெரியாத எழுத்தரிடம் சொன்னேன்.

அக்கா மகள் இப்போது பிளஸ் டூ. வருகிற ஜூனில் அவளோடு வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பையனும் கூட வருகிறேன் என்றிருக்கிறான். இந்த முறை என் கை குவியக்கூடாது.