நானூறால் வகுபடும் ஆண்டு

1990-களின் இறுதியில் கோபோல் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று மவுசு கூடியது. 1959-இல் அமெரிக்காவில் உருவாக்கத் தொடங்கிய கணினி மொழி அது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எனக் கணக்கு பெருகும் இடங்களிலெல்லாம் வேரோடியிருந்தது. நினைவகத்தின் விலை மலையாக இருந்த நாளில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 00 என்றால் 1900-ஆ, 2000-ஆ? இயந்திரத்துக்குத் தெரியாது. பழைய நிரல்களை வரி வரியாகப் படித்துத் திருத்த ஆள் தேவைப்பட்டது. சென்னையிலிருந்தும் பலர் அந்த வேலைக்குப் போனார்கள்.

2000 பிறந்தது. பெரிய சேதம் எதுவும் இல்லை. வேலை ஒழுங்காக முடிந்ததாலேயே அதற்கான தேவையும் முடிந்தது. ஜாவா, இணையம் என்று காற்று திசை மாறியது. கோபோலின் இலக்கணத்தை மட்டும் கற்றவர்கள் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்தத் திருத்த வேலைக்குள் ஒரு சிறு கணக்கு இருந்தது. நான்கால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு என்றாலும், நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. அதுவே நானூறாலும் வகுபட்டால் லீப் ஆண்டு. விதியின் முதல் பாதியோடு நின்றவர் எழுதிய நிரலில் 2000 பிப்ரவரிக்கு 28 நாள்தான். அந்தப் பிழையைப் பிடிக்கக் கோபோல் போதாது. நாட்காட்டி தெரிய வேண்டும். ஒரு நாள் தவறினால் யாருடைய வட்டி குறையும், எவருடைய ஓய்வூதியம் தள்ளிப்போகும் என்பதும் தெரிய வேண்டும். அதை அறிந்தவர் ஜாவாவுக்குப் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. நாட்காட்டி விதி 1582-இல் வகுத்தது. எந்த மொழியில் எழுதினாலும் அது அதுவேதான்.

2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். காலாவதியானது என்று ஒதுக்கிய மொழியில்தான் எளியவர்களின் உதவித்தொகைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காகப் புதியதைக் கற்க வேண்டாம் என்பதல்ல என் வாதம். கற்றே ஆக வேண்டும். ஆனால் கருவியைக் கற்கும்போதே, அது யாருடைய எந்தக் காரியத்துக்கு என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும். கருவி மாறும்போது கூட வருவது அந்த இரண்டாவது படிப்புதான்.

அந்தப் படிப்புக்கு நேரம் வேண்டும். நாள் முழுக்க உழைத்து, வீடு திரும்பிப் பிள்ளைகளையும் முதியோரையும் கவனிக்கும் ஒருவரிடம், "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நியாயமல்ல. அவருடைய தூக்கத்தில் கை வைத்துத்தான் அந்த நேரத்தை எடுக்க வேண்டியிருக்கும். அவர் திறமையால் பயன்பெறும் நிறுவனம், அது துருப்பிடிக்காமல் காக்கும் பொறுப்பையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கற்பது வேலையின் ஒரு பகுதி. வேலை நேரத்துக்குள்ளேயே அதற்கு இடம் வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரல் எழுதித் தருகிறது. அது சரியா என்று கேட்கத் தெரிந்தவரின் தேவை இதனால் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. நான்கால் வகுத்துப் பார்த்து நிறுத்திய நிரல்கள் 2000-இல் தற்செயலாகத் தப்பின. 2100 நானூறால் வகுபடாது. அப்போது அவை தப்பாது. அன்றைக்கு எந்த மொழி இருக்குமோ, எந்த இயந்திரம் இருக்குமோ. அந்த பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்று அறிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.