நாமா, அவர்களா?

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வெறும் காற்று மட்டும் வருகிறதா, கூடவே நாலு தூறலும் வருகிறதா என்பது. மற்றொன்று கிரிக்கெட். 2016-ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கி, அதில் கோவைக்கென்று ஓர் அணியும் ஏற்பட்ட நாள் முதலாக, இறுதிப் பந்தயம் நெருங்க நெருங்க மேட்டுப்பாளையம் ரோட்டு டீக்கடைகளில் தேநீர் ஆறிப் போகிறது, வாதம் ஆறுவதில்லை.

இந்த வயதில் இது எனக்கு வேண்டாத வேலைதான். ஆனால் அபிமானம் என்பது வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வந்துவிட்டது. வந்ததோடு நில்லாமல், என்னைப் பற்றி நான் அறிந்திராத சில உண்மைகளையும் எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2022-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி. இறுதிப் பந்தயம் கோவையிலேயே நடந்தது. எதிரில் சேப்பாக்கம் அணி. மழையினால் ஆட்டத்தைச் சுருக்கியிருந்தார்கள். நம்மவர்கள் ஆடி முடித்தார்கள். சேப்பாக்கம் நான்கு ஓவர் ஆடுவதற்குள் இரண்டு விக்கெட்டுகளை இழந்தது. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. பிடித்த மழை விடவே இல்லை. கடைசியில், இரண்டு அணிகளும் சேர்ந்து கோப்பையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

என் மகள் வயிற்றுப் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்புச்சி, இப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்று கேட்டான்.

"ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டோம், கண்ணு" என்றேன்.

"அப்புறம் ஏன் உங்க மூஞ்சி அப்படி இருக்குது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப்படி பார்த்தால் அன்று உலகத்தில் சந்தோஷம் இரட்டித்திருக்க வேண்டும். வழக்கமாக ஓர் ஊர் மகிழும், ஓர் ஊர் வருந்தும். அன்று வருந்த வேண்டியவர் ஒருவருமே இல்லை. கோப்பை நம்மிடம் இருக்கிறது, யாரும் பறிக்கவில்லை. இருந்தும் எனக்குக் கிடைத்தது பாதிச் சந்தோஷம்கூட இல்லை. அப்படியானால் நான் இத்தனை நாள் விரும்பியது என்ன? நம்முடைய வெற்றியையா? அல்லது அவர்களுடைய தோல்வியையா?

இது என் ஒருவனுடைய நோய் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கே உரிய கால்பந்தாட்டம் ஒன்று இருக்கிறது. முட்டை வடிவப் பந்து. கையாலும் தட்டலாம், காலாலும் உதைக்கலாம். அதன் இறுதிப் பந்தயம் என்றால் மெல்போர்ன் நகரத்தில் ஒரு லட்சம் பேர் கூடிவிடுவார்கள். 2010-ஆம் ஆண்டு காலிங்வுட், செயின்ட் கில்டா என்ற இரண்டு அணிகளும் ஆளுக்கு 68 புள்ளிகள் எடுத்து, ஆட்டம் சமனாக முடிந்தது. மறு சனிக்கிழமை திரும்பவும் ஆடினார்கள். காலிங்வுட் 56 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. பிற்பாடு சட்டத்தையே மாற்றி, சமனானால் அன்றைக்கே கூடுதல் நேரம் ஆடித் தீர்க்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்திருப்பதைக்கூட மனித மனம் சகிக்கவில்லை, பாருங்கள்!

கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். தொடங்கிய கதை முடியவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. கடைசி அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இந்தச் சமாதானத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை. ஏனென்றால் அன்று சேப்பாக்கம் ஜெயித்திருந்தால் அதுவும் முடிவுதான். அந்த முடிவு எனக்கு நிறைவு தந்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், தந்திருக்காது.

அந்த இரவு நான் செய்த இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மழையைத் திட்டினேன். கொங்கு நாட்டில் பிறந்தவன், கிணறு வற்றிய வருஷங்களைக் கண்ணால் கண்டவன், வாய்விட்டு மழையைத் திட்டினேன். எங்கள் ஊரிலும் தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். மானாவாரியில் சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "நல்ல மழைங்க. பயிரு பொழைச்சுதுங்க" என்றார். நான் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். ஒரு கோப்பைக்காக அவருடைய பயிர் காய்ந்தாலும் பரவாயில்லை என்று முந்தின இரவு நினைத்தவன் நான் அல்லவா?

சரி, இவ்வளவு பாடுபட்டு நான் யாருக்காக மல்லுக்கு நின்றேன்? 'நம்ம ஊர்ப் பிள்ளைகள்' என்று சொல்லிக்கொள்கிறோம். 2023-இல் முதன்முறையாக வீரர்களை ஏலத்தில் எடுத்தபோது கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்து சாய் சுதர்சனை எடுத்தது. அவர் சென்னைப் பிள்ளை! திருப்பூர் அணியோ முதலில் காரைக்குடிப் பெயரில் ஆடிய அணி. 2025-இல் அந்தத் திருப்பூர், இறுதிப் பந்தயத்தில் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தபோது டீக்கடைக்காரர் எனக்குக் கூடுதலாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்து, "திருப்பூரும் நம்மூருதானுங்களே!" என்றார். வேண்டும்போது அகலுகிறது, வேண்டாதபோது சுருங்குகிறது இந்த 'நாம்' என்ற சொல்.

இதனால் அபிமானம் வெறும் பொய் என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். நம் வீட்டு மருமகள் வேற்றூரில் பிறந்தவள்தான். பத்து வருஷம் இந்த வீட்டின் நல்லது கெட்டதில் பங்கெடுத்த பிறகு, 'எங்க வீடு' என்று அவள் சொன்னால் யார் மறுக்க முடியும்? ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. சவுத் மெல்போர்ன் அணி 1982-இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. பழைய ரசிகர்களில் சிலர் உறவை முறித்துக்கொண்டார்கள். சிலர் ஊர் போனாலும் சிவப்பும் வெள்ளையும் நம்முடையவைதாம் என்று இருந்துவிட்டார்கள். 1933-க்குப் பிறகு அந்த அணி மறுபடி கோப்பையை வென்றது 2005-இல். எழுபத்திரண்டு வருஷம்! அத்தனை காலம் தோல்வியில் 'நாம்' என்று சொல்லியவர்களுக்கு அன்று அந்தச் சொல்லில் பாத்தியதை இருந்தது.

எனக்கு இருக்கிறதா? அங்கேதான் என் பேரன் என்னைத் தலைகுனிய வைத்தான்.

2023-இல் திருநெல்வேலியில் கோவை அணி நெல்லையை 104 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. அன்று தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டு, "நாம ஜெயிச்சிட்டோம்!" என்றேன். மறு வருஷம் சேப்பாக்கத்தில் இறுதிப் பந்தயம். திண்டுக்கல் ஆறு விக்கெட் வித்தியாசத்தில் நம்மை வென்றது. டெலிவிஷனை அணைத்துவிட்டு, "சே, தோத்துட்டானுக!" என்றேன். பையன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "நாம தோத்துட்டோம், அப்புச்சி."

அவன் என்னைத் திருத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது இயல்பாக வந்தது. எனக்குத்தான் இயல்பாக வரவில்லை. ஒரே வருஷத்தில் 'நாம்' எப்படி 'அவர்கள்' ஆனார்கள்? லாபத்தில் பங்கு கேட்டு, நஷ்டத்தில் கையைக் கழுவுகிற கூட்டாளியை நம் மில் வட்டாரத்தில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் இது பந்தாட்டத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. பிள்ளை முதல் வகுப்பில் தேறினால் 'என் மகன்'. தவறினால் மனைவியிடம் 'உன் மகன்'. இந்த இலக்கணத்தை நாம் எல்லோருமே எந்தப் பள்ளியிலும் படிக்காமலே கற்றுக்கொண்டிருக்கிறோம்.

மறுபடி ஓர் இறுதிப் பந்தயம் வரும். கோவை அதில் இருந்தால் நான் நாற்காலியின் விளிம்புக்கு வருவேன். அதை விட்டுவிட என்னால் முடியாது, விடவேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. எதிரணி விழவேண்டும் என்ற ஆசையும் உள்ளே எங்கேயாவது முனகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இரண்டு காரியங்களை மட்டும் எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன். தோற்றால், பையன் சொல்லுவதற்கு முன்னால் "நாம தோத்துட்டோம்" என்று நான் சொல்லிவிட வேண்டும். மழை வந்தால் எழுந்து வாசலுக்குப் போய், தோட்டத்துக்காரர் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ, அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நானும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.