கேட்டவர் எழுதவேண்டிய வரி

2015 நவம்பரில் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான ஐக்கிய நாடுகள் செயற்குழு இலங்கைக்கு வந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் நிலத்தடியில் இருந்த இரகசியத் தடுப்பறைகளை அதன் உறுப்பினர்கள் நேரில் பார்த்தார்கள். பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மார், எங்கோ ஒரு முகாமில் மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்திருந்தார்கள்.

உளவியல் மதிப்பீட்டு அறிக்கையை மென்பொருள் எழுதலாமா என்று திருகோணமலையில் நின்று கேட்டால், இந்தத் தாய்மாரைத் தாண்டிப் போக முடியாது. அவர்களில் ஒருவர் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தூக்கமில்லை; மகன் உயிரோடிருக்கிறான் என்கிறார்; அடைத்து வைத்திருக்கிறார்கள் என்கிறார்; அவனுக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைக்கிறார். இந்தக் குறிப்புகள் கிடைத்தால் மென்பொருள், எங்கெங்கோ எழுதப்பட்ட அறிக்கைகளின் வழக்கப்படி, ‘ஆதாரமற்ற நம்பிக்கை’, ‘இழப்பை ஏற்க மறுத்தல்’ என்று எழுதிவிடக்கூடும். வசனத்தில் பிழை இராது. அந்தத் தாய்க்கு அது அநீதி. தடுப்பறைகள் இருந்த ஊரில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று, எதிரே இருந்து கேட்டவருக்குத்தான் தெரியும்.

மறுபக்க நியாயமும் இலேசானதல்ல. அமெரிக்க உளவியலாளர் பால் மீல் 1954இல் வெளியிட்ட நூலில், பல ஆய்வுகளை ஒப்பிட்டு, எண்களின் அடிப்படையிலான கணிப்பு நிபுணரின் கணிப்புக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ இருப்பதைக் காட்டினார். 1960களின் தொடக்கத்திலேயே மேயோ கிளினிக்கில் ஆளுமைச் சோதனை விடைகளுக்குக் கணினி விளக்க வாக்கியங்களை அச்சிட்டுத் தந்தது. மனிதருக்கும் களைப்பு உண்டு, முற்சாய்வு உண்டு. அறிக்கை பிந்தினால் ஒரு பிள்ளைக்குப் பாடசாலையில் கிடைக்கவேண்டிய உதவி பிந்தும், வழக்குத் தவணை தள்ளிப்போகும். நிபுணர்கள் குறைவான கிழக்கு மாகாணத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆகவே புள்ளிகளைக் கூட்டுவதையும் அட்டவணை பார்ப்பதையும் மென்பொருளிடம் கொடுப்பது சரி. அதைக் கையால் செய்து பிழைவிடுவதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

ஆனால் கூட்டல் வேறு, ஒரு மனிதரைப் பற்றிச் சாட்சி சொல்வது வேறு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர் 39 பேருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பை, அவரவருக்கென எழுதியதுபோலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் இட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. யாருக்கும் ஒட்டக்கூடிய வாக்கியம் தனக்கென்றே எழுதியதுபோலத் தோன்றும். இன்றைய மென்பொருள் அதைவிட எவ்வளவோ சரளமாக எழுதுகிறது. படிக்கும் நீதவானோ அதிபரோ வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இதிலும் மோசமானது வெற்றுக் கட்டங்களை நிரப்பும் ஆயத்த வாக்கியம். ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்று தாளில் இருந்தால், யாரோ அதைக் கேட்டார், இவர் இல்லையென்றார் என்றே பொருள். கேட்கவே இல்லையென்றால் அந்த வரி பொய். அந்தப் பொய்யால் ஓர் உயிர் போகலாம்.

இங்கே மொழியும் குறுக்கே நிற்கிறது. துயரம் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லப்படுகிறது. அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகிறது. பெருமூச்சு, நெஞ்செரிவு, ஓயாத யோசினை என்று நம் மக்கள் உடம்பால் சொல்லும் துயரத்தை மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகள் கேட்டு எழுதியிருக்கிறார். உளவியலாளர் கயத்ரி பெர்னாண்டோ இலங்கையரின் சொந்த அனுபவக் கதைகளிலிருந்தே ஒரு மதிப்பீட்டு வினாத்தாளை உருவாக்கினார். இரண்டும் முதலில் கேட்டு, பிறகு எழுதியவை. மென்பொருளோ முதலிலேயே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறது.

எனவே ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கையொப்பம் இடுமுன், அறிக்கையின் ஒவ்வொரு முடிவையும் சம்பந்தப்பட்டவருக்கு அவருடைய மொழியில், கேட்டவரே வாசித்துக் காட்டவேண்டும். “நான் அப்பிடிச் சொல்லேல்லையே” என்று அவர் சொன்னால் அந்த இடத்தை மறுபடி பேசி, திருத்தி எழுதவேண்டும். உடன்பாடு வராவிட்டால் அவர் மறுத்ததையும் அறிக்கையிலேயே பதியவேண்டும். இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். புள்ளி கூட்டுவதில் மென்பொருள் மிச்சம்பிடித்துத் தரும் நேரம் இருக்கிறதே, அதை இதற்குக் கொடுக்கலாம்.