கரையான் தின்றதும் கைவிட்டதும்

பழைய முகநூல் பதிவுகளைத் திரட்டிப் பத்திரப்படுத்தப் போய், அந்த வேலையிலேயே அவற்றைப் பறிகொடுத்தவர்கள் இன்று ஏராளம். பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கும். கணக்கை மூடிய பிறகுதான் ஜிப் கோப்பு திறக்க மறுப்பது தெரியவரும். கோப்பு இருந்த ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சுழலாமல் நின்றுவிடும். எழுதியதெல்லாம் போய்விட்டதே என்று ஒருவர் புலம்பினால் அவருக்குச் சொல்ல நம்மிடம் ஓர் ஆறுதல் தயாராக இருக்கிறது: எல்லாம் மாயை, வந்தது போனது, எழுத்தின்மேல் என்ன பற்று வேண்டியிருக்கிறது? சமயத்தின் பெயரால் சொல்லப்படுவதால் யாரும் இதை மறுத்துப் பேசுவதில்லை. மறுக்க வேண்டும் என்பது என் கட்சி. பற்றை விடுவது ஒரு செயல். பொருளைத் தொலைப்பது விபத்து. பல நேரங்களில் வெறும் அசட்டை. தொலைத்ததைத் துறந்ததாகக் காட்டும் பேச்சு, தத்துவ வேடம் போட்ட சோம்பல். புதுச்சேரியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் அதிகம் தாண்டாமலே இதற்கு வேண்டிய சான்றுகள் கிடைக்கின்றன.

புதுச்சேரிக்கு மேற்கே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் ஊர். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதத்தில் மொத்தமே 12 சூத்திரங்கள்தாம். நான்காவது சூத்திரம், மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களில் எதுவும் உயிர் ஆகாது என்கிறது. நினைவைத் தேக்கி வைக்கும் சித்தமே கருவிதான் என்றால், சித்தத்துக்கும் வெளியே, எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் எழுத்து உயிருக்கு இன்னும் அந்நியம். ஐரோப்பாவில் ஜான் லாக் 1694இல் இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தார்: நினைவு எட்டும் தூரம் வரைதான் ஒருவர் அதே ஆள். அவர் கணக்கில், பதிவைத் தொலைத்தவர் தன்னிலேயே ஒரு துண்டைத் தொலைத்தவர். மெய்கண்டார் கணக்கில் உயிருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆறுதல் சொல்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அதே சூத்திரம், உயிர் அந்தக்கரணங்களோடு கூடித் தொழிற்படுவதை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. அமைச்சனை இழந்தவன் அரசனாகவே இருப்பான், சரிதான். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், போன பஞ்சத்தில் எங்கே தவறினோம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இருக்காது. நினைவு உயிரல்ல என்பதால் நினைவு போனால் நட்டமில்லை என்று ஆகிவிடாது. போதாததற்கு, சித்தாந்தத்தில் மாயை பொய்த்தோற்றமும் அல்ல. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உடம்பையும் கருவிகளையும் கொடுத்து உதவும் உள்பொருள். 'எல்லாம் மாயை' என்று கைகழுவ நினைப்பவர் குறைந்தபட்சம் சைவ சித்தாந்தியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இழப்புக்குச் சமயம் தந்த விடையைத் தெரிந்துகொள்ளப் புதுச்சேரிக்குத் தெற்கே, சிதம்பரத்துக்குப் போக வேண்டும். உமாபதி சிவாச்சாரியார் பெயரால் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். தேவார ஏடுகள் கோயிலுக்குள் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன. அரசனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து கேட்கிறார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அரசன் கதவைத் திறக்க வைக்கிறான். உள்ளே ஏடுகள் இல்லை, புற்று நிற்கிறது. எண்ணெய் சொரிந்து, புற்றைக் கரைத்து, எஞ்சியதை எடுக்கிறார்கள். மூவர் பாடிய பதிகங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது மரபு. இன்று கையில் இருப்பவை 800க்குள். அரசன் கலங்கி நின்றபோது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துவிட்டு மற்றதைச் செல்லரிக்கச் செய்தோம் என்று ஒரு குரல் கேட்டதாகப் புராணம் சொல்கிறது. இது வரலாறா, அந்த அரசன் முதலாம் ராசராசன்தானா என்ற விவாதம் நமக்கு இங்கே வேண்டாம். அந்தக் குரல் எப்போது கேட்டது என்பதை மட்டும் கவனிப்போம். கதவைத் தட்டியதற்கும், வாதாடியதற்கும், எண்ணெய் ஊற்றியதற்கும் பிறகு கேட்டது. திருவாரூரில் இருந்தபடியே 'போனது போகட்டும்' என்று அரசன் சும்மா இருந்திருந்தால் அவனுக்கு அப்படிச் சொல்ல ஒரு குரலும் வந்திருக்காது. நமக்குத் தேவாரமும் இருந்திருக்காது. தேடி அலுத்தவனுக்குத் தரப்பட்ட ஆறுதலைத் தேடவே தேடாதவன் தனக்கு வாங்கிக்கொள்ள முடியாது. கதையின் அடுத்த பகுதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சொற்கள் கிடைத்தும் பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் வாயிலாகப் பண் வகுத்துக்கொண்டார்கள். ஏடு மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது பதிகத்தின் கதை, தெய்வத் திருமுறை. முகநூலில் ஒருவர் எழுதிய சினிமா விமர்சனத்துக்கும் மழைக்காலப் புலம்பலுக்கும் இதை எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொந்தக் குறிப்புகளுக்குப் புதுச்சேரியிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரி வரை அது நீள்கிறது; அவரும் அதே மாதத்தில் இறந்தார். வந்த கப்பல், விற்ற சரக்கு, கண்ட சகுனம், தனக்கு நேர்ந்த அவமரியாதை, ஆளுநர் துய்ப்ளே தன்னிடம் சொன்னது, அவர் மனைவி தனக்கு எதிராகச் செய்தது என்று எல்லாம் அதில் உண்டு. அச்சிடுவதற்காக எழுதியதல்ல அது. யாரும் பொருட்படுத்தாமல் அது கிடந்த காலம் 85 ஆண்டு. 1846இல் கல்வா மோன்பிரோன் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் படியெடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழில் அச்சாக்க அதற்குப் பிறகும் காலம் பிடித்தது. நடுவே காணாமல் போன ஆண்டுகளும் மாதங்களும் உண்டு. அவை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் ஓர் இடத்தைப் பாருங்கள். 1748இல் பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரம், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இடிப்பு நடந்த முறையையும், கேட்டு ஓடிவந்தவர்களின் தவிப்பையும், தன்னால் தடுக்க முடியாமல் போனதையும் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சில பக்கங்கள் செல்லரித்துப் போயிருந்தால், அன்று அந்தக் கோயில் எப்படிப் போனது என்று நமக்குத் தமிழில் சொல்ல ஆள் இல்லை. கப்பல் விவரத்துக்கும் சகுனத்துக்கும் நடுவில்தான் அது கிடக்கிறது. எது அற்பம், எது சாட்சி என்று எழுதிய நாளில் அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சேமிக்கும்போதே இழப்பது என்பதும் நமக்குப் புதிதல்ல. பனையோலை சில நூற்றாண்டு தாங்கும். அதற்குள் புது ஓலைக்கு மாற்றி எழுதியாக வேண்டும். மாற்றியதும் பழையதை ஆற்றில் விடுவதும் தீயில் இடுவதும் உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கேட்டு உ.வே.சாமிநாதையர் பதறியதை அவர் சுயசரிதம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே சடங்குக்குக் குறைவில்லை. படியெடுத்தாயிற்றா என்று பார்க்கத்தான் ஆளில்லை. இன்றைய ஓமங்களுக்கு மந்திரம் கூடக் கிடையாது. 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றப்பட்ட பாட்டும் படமும் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது அழிந்துபோயின. வெளியே தெரிந்தது 2019இல். ஆர்க்குட் 2014இல் மூடப்பட்டது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழர் கூடிப் பேசிய யாகூ குழுமங்களின் சேமிப்பை அந்த நிறுவனம் 2019 இறுதியிலிருந்து அழித்தது. பத்திரமாகக் கையில் கிடைத்தவர்களுக்கும் பாதிதான் கிடைக்கிறது. முகநூலிலிருந்து ஜேசான் வடிவில் இறக்கிய கோப்பைத் திறந்தவர்கள் தமிழைக் காணாமல் திகைத்தது பல ஆண்டு நடந்த கதை. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஓர் 'அ' மூன்று பைட், ஒரு 'கி' ஆறு பைட். அந்த பைட்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எடுத்து எழுதிவிட்டதால், கவிதை இருந்த இடத்தில் மேலே கோடிட்ட லத்தீன் எழுத்தும் பதிவுக்குறியும் வரிசையாக நிற்கும். முறை தெரிந்தவர் மீட்டுவிடலாம். தெரியாதவர் கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவார். இன்னொரு இழப்பு இதைவிட ஆழமானது. இறக்கித் தரப்படும் தொகுப்பில் நாம் எழுதியது இருக்கும். நமக்கு மறுமொழி சொன்னவர்களின் சொற்கள் பெரும்பாலும் இருக்காது. சண்டையில் நம் பக்கம் மட்டும் மிஞ்சும். எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாக நிற்பதே உயிரின் இயல்பு என்னும் சித்தாந்தப்படி பார்த்தால், சார்ந்தவர்களை நீக்கிவிட்டுத் தரும் 'என் எழுத்து' முழுமையாக என் எழுத்தே அல்ல. அதற்குப் பண் தர இனி ஒரு எருக்கத்தம்புலியூர்ப் பெண் கிடைக்க மாட்டார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் அகங்காரம்தானே என்பது அடுத்த தடை. 'நான் எழுதியது' என்ற முனைப்பை வளர்ப்பதற்கு இத்தனை கிகாபைட்டா? முனைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முனைப்பைக் கடப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒருவர் இதே ஊரில் என்ன செய்தார் என்று பார்க்கலாம். 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்த அரவிந்தர், வருவதற்கு முன்பே, 1909இல், தொடங்கி 1927 வரை, இடையிடையே விட்டு விட்டு, தம் யோக சாதனையைக் குறிப்பெழுதி வைத்தார். வெற்றியோடு சறுக்கலும் அதில் பதிவாகியிருக்கிறது. வாழ்ந்த காலத்தில் அதை அவர் வெளியிடவில்லை. முழு நூலாக இரண்டு தொகுதிகளில் வந்தது 2001இல். பிறர் பார்க்கத் தற்புகழ்ச்சி பாடுவதற்கு எழுதியதல்ல அது. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாதிருக்க ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதும் குமாஸ்தா. பழைய பதிவுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. எட்டாண்டுக்கு முன் யாரைக் கேலி செய்தோம், எந்தப் பொய்ச்செய்தியைப் பகிர்ந்தோம், எந்தச் சாதிப் பேச்சுக்கு விருப்பக்குறி போட்டோம் என்பதை அது அப்படியே வைத்திருக்கிறது. அகங்காரம் உண்மையில் விரும்புவது இந்தப் பதிவு தொலைவதைத்தான்.

அப்படியானால் மறதி ஒரு வரம் இல்லையா, பதினேழு வயதில் எழுதிய அசட்டுத்தனம் ஒருவரை நாற்பது வயது வரை துரத்த வேண்டுமா என்று கேட்பார்கள். தடைகளில் இதுதான் வலுவானது. துரத்தக் கூடாது என்பதே என் பதிலும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதியின் 17ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. நம் நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய சட்டத்திலும் அழிக்கக் கோரும் உரிமை உண்டு. ஆனால் இந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்: எழுதியவர் கையில், அவர் தெரிந்து எடுக்கும் முடிவில். துறவுக்கும் இதே இலக்கணம்தான். தன்னிடம் இருப்பது என்னவென்று அறிந்து, வேண்டாம் என்று விடுகிறவர் துறவி. திருட்டுக் கொடுத்தவரைத் துறவி என்று எந்த மடத்திலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நிறுவனம் லாபக் கணக்குப் பார்த்து ஒரு நாள் சர்வரை அணைப்பதும், கரையான் ஓலையைத் தின்பதும் எழுதியவரைக் கேட்டு நடப்பவை அல்ல. அவற்றால் வரும் மறதியில் மன்னிப்பும் இல்லை, திருந்துதலும் இல்லை. வெற்றிடம் மட்டுமே உண்டு. அதை வரமென்று கொண்டாடுவதற்கு ஒன்றுமில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியிலும் ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகள் இருக்கின்றன. யுனெஸ்கோ 2005இல் தன் உலக நினைவுப் பதிவேட்டில் அவற்றைச் சேர்த்தது. அவற்றில் பெரும்பகுதி, பற்றின்மையைப் பேசும் ஆகமங்களும் அவற்றைச் சார்ந்த நூல்களும்தாம். அவற்றை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர்களும், எண்ணெய் தடவித் துடைத்துக் காப்பவர்களும் பற்றின்மையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே, பழைய பதிவுகளைத் திரட்டிக்கொண்டிருப்பவர்கள் கோப்பு இறங்கிய கையோடு கணக்கை மூடிவிட வேண்டாம். திறந்து பாருங்கள், தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். முக்கியமான உரையாடல்களில் எதிர்த் தரப்பு சொன்னதையும், அவர்கள் சம்மதத்தோடு, தனியாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், முழுவதையும் ஒரு முறை படித்துவிட்டு அழித்துவிடுங்கள்.