தேம்ஸ் நதிக்கு எழுதிய உயில்

1913ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில் டவ்ஸ் அச்சகம் நடத்திய காப்டன்-சாண்டர்சன், தன் எழுத்துகளை வார்க்கும் தாய் அச்சுகளைத் தேம்ஸ் நதியில் போட்டார். அது தொடக்கம்தான். 1916 ஆகஸ்டிலிருந்து 1917 ஜனவரி வரை ஈய எழுத்துகளைப் பொட்டலம் பொட்டலமாகச் சுமந்துபோய், இருட்டில் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து கொட்டித் தீர்த்தார். சுமார் 170 நடை. ஒரு டன்னுக்கு மேல் உலோகம். இந்த நடைகளைத் தொடங்கும்போது அவருக்கு வயது 75.

அழகாக அச்சிட்ட புத்தகம் பிரபஞ்ச அழகின் ஒரு கூறு என்று நம்பியவர் அவர். 1903 முதல் 1905 வரை ஐந்து தொகுதிகளாக வந்த அவருடைய பைபிளில், ஆதியாகமத்தின் முதல் எழுத்து பக்கத்தின் உயரம் முழுக்கச் சிவப்பில் நீண்டு நிற்கும். வேறு அலங்காரம் இல்லை. ஆகவே எழுத்துகளை நதிக்கு அர்ப்பணித்ததாக அவர் எழுதியதைப் பாசாங்கு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அது துறவா?

அவர் காலத்துக்குப் பிறகு எழுத்துகள் முன்னாள் கூட்டாளி எமரி வாக்கருக்குச் சேர வேண்டும் என்பது இருவரும் ஏற்ற உடன்பாடு. வாக்கர் கைக்குப் போகக் கூடாது என்றுதான் நதிக்குப் போனது. துறந்தவனுக்கு, தான் விட்ட பொருளை அடுத்து யார் எடுப்பார் என்ற கவலை எதற்கு? இது அசல் பற்று. அதோடு, அந்த எழுத்து வடிவமே வெனிஸ் நகரில் 1470களில் நிக்கோலா ஜான்சன் அச்சிட்ட புத்தகங்களைப் பார்த்து உருவாக்கியது. இரவல் வாங்கியவர் வாரிசுரிமை பேசியதாகத்தான் கொள்ள வேண்டும்.

ஈயம் உடல், வடிவம் உயிர். உடலை மூழ்கடித்தாலும் உயிர் தப்பும் என்று சொல்லிவிடலாம். ஆனால் ராபர்ட் கிரீன் என்ற வடிவமைப்பாளரின் அனுபவம் அத்தனை சுலபமாக இல்லை. டவ்ஸ் அச்சகத்தின் பழைய பக்கங்களை வைத்தே அந்த வடிவத்தைக் கணினி எழுத்துருவாக வரைந்தார் அவர். காகிதத்தில் மை கசிந்து பரவும். விளிம்பில் எதுவரை எழுத்து, எங்கிருந்து மை? ஒவ்வொரு வளைவிலும் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 2014இல் முக்குளிப்பவர்கள் துணையோடு ஆற்றடியில் தேடியதில் சுமார் 150 எழுத்துகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்துத் தன் எழுத்துருவைத் திருத்திக்கொண்டார். உயிரைச் சரிபார்க்க உடல் தேவைப்பட்டது.

மீட்டதில் ஒரு பாதி இப்போது எமரி வாக்கர் அறக்கட்டளையிடம் இருக்கிறது.